பூசுவதற்கு முன்னர்



சென்ற இதழில் சிறுகடன் எடுப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பற்றிப் பேசினோம். இம்முறை காருக்கு வக்ஸ் பூசுவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். "எங்களிட்டை ஒழுங்கான சைக்கிளே இல்லை, காரைப் பற்றி எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் காரை வைத்திருப்பவர் ஒருவர், அதைக் கழுவித் துடைத்துக் கூலி பெறுபவர் இன்னொருவர். நான் பணியாற்றும் கிராமங்களில் அந்த இன்னொருவராகப் பெண்களும் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு இப்போது தேவை கூடியதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. இருக்கிற வாகனத்தைப் பேணிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. கழுவுவதோடு நில்லாமல் "வக்ஸும் பூசி விடுங்கோ" என்று கேட்பவர்கள் கூடினார்கள். இதில் வருமானம் இருக்கிறது. ஆனால் அறியாமல் இறங்கினால் அவமானமும் இருக்கிறது. அதை நான் கண்ணால் கண்டேன். அதில் என் பங்கும் இருந்தது.

ஒரு நீலக் கார்

2023 ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மூன்று பெண்கள் சேர்ந்து வாகனம் கழுவும் இடமொன்றைத் தொடங்கினார்கள். மூவருமே குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். மூத்தவர் 2009 இல் கணவரை இழந்தவர். உயர்தரம் படிக்கும் மகள் ஒருத்தி அவருக்கு உண்டு. வாழ்வாதார உதவியாக நாங்கள் உயர் அழுத்த நீர்ப்பம்பி ஒன்றையும், வாளிகளையும், இரண்டு தகரம் வக்ஸையும் கொடுத்தோம். கையளிப்பு நிகழ்வில் படம் எடுத்தோம். அறிக்கையும் எழுதினேன். என் வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டாவது வாரம் கடும் நீல நிறக் கார் ஒன்று வந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், நன்றாக மினுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உரிமையாளர் போய்விட்டார். அக்கா உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளைக் கரைத்துக் காரைக் கழுவினார். பழைய சாரத் துணியால் துடைத்தார். உச்சி வெயிலில் நின்ற காரின்மேல், தகரத்திலிருந்த வக்ஸை அள்ளித் தடிப்பாகப் பூசினார். அது சுட்ட தகரத்தில் காய்ந்து இறுகிவிட்டது. அழுத்தித் தேய்த்தபோது வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் நின்றன. வெயில் பட்ட பக்கத்தில் சிலந்தி வலை போலக் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன.

உரிமையாளர் வந்து பார்த்தார். தெருவில் நின்றவர்கள் கேட்க, "பொம்பிளையளிட்டைக் குடுத்தது என்ரை பிழை" என்றார். கூலி கொடுக்கவில்லை. வேறிடத்தில் திருத்துவதற்கான பணத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மூவரின் இரண்டு வாரத்து உழைப்பு அத்தோடு போனது. மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "மிஸ், நீங்கள் தந்த தகரத்தில இங்கிலீஷில நிறைய எழுதிக் கிடந்தது. எனக்கு அது விளங்கேல்லை. மூடியில இருந்த படத்தைப் பார்த்துத்தான் பூசினனான்" என்றார். அந்தத் தகரத்தை வாங்கி அங்கேயே இருந்து வாசித்தேன். மேற்பரப்பைக் கழுவி முற்றாகச் சுத்தம் செய்யவும் என்பது முதல் வரி. வெயிலிலோ சூடான மேற்பரப்பிலோ பூச வேண்டாம் என்பது அடுத்தது. மெல்லிய படையாகப் பூசவும் என்பது அதற்கு அடுத்தது. அக்கா செய்த மூன்று பிழைகளும் மூன்று வரிகளில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நான், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நான், அதைக் கொடுப்பதற்கு முன்னர் ஒரு தரமாவது வாசித்துப் பார்க்கவில்லை. உரிமையாளர் சொன்னதுபோல அது பெண்ணின் பிழையல்ல. பொருளைக் கொடுத்துவிட்டு அறிவைக் கொடுக்காமல் வந்தவரின் பிழை.

அதன் பின்னர் நாங்கள் நால்வரும் கிளிநொச்சி நகரில் நெடுங்காலம் வாகனங்களுக்குப் பெயின்ற் அடித்துவரும் ஒரு ஐயாவிடம் போனோம். அவர் முதலில் சொன்னது இதுதான்: "பிள்ளையள், வக்ஸ் அழுக்கை மறைக்காது. அழுக்கைப் பூட்டி வைக்கும்." அவரிடம் கற்றதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும், மூவரும் செய்து பார்த்துத் தெளிந்ததையும் கீழே தருகிறேன்.

காரின் தோல்

இன்றைய பெரும்பாலான கார்களில் தகரத்தின் மேல் துருக்காப்புப் பூச்சும், அதன்மேல் பிரைமரும், அதன்மேல் நிறமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற படலமும் இருக்கும். நாங்கள் தொடுவது அந்தக் கிளியர் கோட்டைத்தான். அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன் வரையான தடிப்புக் கொண்டது. நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். அது தேய்ந்தால் மீண்டும் வளராது. நாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த மெல்லிய தோலை நோகப்பண்ணாமல் சுத்தம் செய்வதற்கானதே.

முதலாவது: கழுவுதல்

வாகனத்தை நிழலில் விடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். கை படுவதற்கு முன்னர் தண்ணீரால் புழுதியை அடித்து விடுங்கள். எங்கள் வீதிகளின் கிரவல் புழுதியும் செம்மண்ணும் துணிக்கடியில் அகப்பட்டால் அரத்தாள் போலக் கீறும்.

சில்லுகளை முதலில், தனி வாளியும் தனித் துணியும் கொண்டு கழுவுங்கள். உடலுக்கு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்தபின், வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பு வாளியில் வைக்க வேண்டும். மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

சவர்க்காரத் தூள் வேண்டாம். அது காரத்தன்மை கூடியது. றப்பர், பிளாஸ்ரிக் பகுதிகளுக்கும் கூடாது. கரையாத துகள்களும் கீறும்.

கழுவியதும் காய விடாமல் ஒற்றி எடுங்கள். யாழ் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவதால் வன்மையானது. எங்கள் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் காரிலும் புள்ளியாக நிற்கிறது. புதிய புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஆறிய மேற்பரப்பில் ஒற்றி, உடனே நன்றாகக் கழுவி விடலாம். வெயிலில் வேகிக் கிடந்த பழைய புள்ளிகள் இதற்கு முழுவதும் போகமாட்டா.

இரண்டாவது: தொட்டுப் பார்த்தல்

இதுதான் ஐயா எங்களுக்குக் காட்டிய பெரிய வித்தை. கழுவிக் காய்ந்த காரின்மேல் மெல்லிய சொப்பிங் பை ஒன்றைக் கைக்குப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இடம் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும். பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள், வீதித் தார், மரப்பால், பக்கத்தில் அடித்த பெயின்ரின் தூறல் என்பன ஒட்டி இறுகியிருப்பதே அந்தச் சொரசொரப்பு. ஷாம்பு இவற்றை எடுக்காது. இவற்றின்மேல் வக்ஸ் பூசினால் சொரசொரப்பு அப்படியே இருக்கும். அக்கா முதன்முதலில் தடவிப் பார்த்தபோது, "உள்ளுக்கை இவ்வளவு கிடக்கே!" என்று பையைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பார்த்தார்.

மூன்றாவது: ஒட்டியதை எடுத்தல்

தாருக்கு அதற்கென உள்ள திரவம் கடைகளில் கிடைக்கும். மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் உடனே அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் அடுத்துப் பூசுவது ஒட்டாது. இரும்புத் துகளுக்கான திரவம் இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறி வடியும். மணம் மிக மோசமாக இருக்கும். காற்றோட்டமான இடத்தில் கையுறை போட்டே பாவியுங்கள். காரின்மேல் காய விடாதீர்கள்.

மிச்சத்துக்குக் கிளே கட்டி எனப்படும் களி போன்ற பொருள். சிறு துண்டை எடுத்துக் கையில் தட்டையாக்கி, ஷாம்பு நீரையோ அதற்கான திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, அரை மீற்றர் சதுரம் அளவான இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அழுத்தக்கூடாது. முதலில் கரகரக்கும், பின்னர் வழுக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. களி அழுக்கானால் மடித்துப் புதிய பக்கத்தை எடுங்கள். நிலத்தில் விழுந்தால் எறிந்து விடுங்கள். மணலை ஏற்றிய களி காரைப் பாழாக்கும். காசு போனாலும் பரவாயில்லை என்று எறியப் பழகுவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

நான்காவது: தேவைப்பட்டால் மட்டும் பொலிஷ்

கீறலும் மங்கலும் இருந்தால் பொலிஷ் போடலாம். இது கிளியர் கோட்டில் ஒரு சிறு பங்கைத் தேய்த்தெடுக்கும் வேலை என்பதை மறக்கலாகாது. எப்போதும் மிக மென்மையான பொலிஷில், கையால், உள்ளங்கையளவு இடத்தில் தொடங்கிப் பாருங்கள். அது போதுமென்றால் கடுமையான கட்டிங் பக்கம் போக வேண்டாம். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது, அங்கே கவனம். துணியில் காரின் நிறம் ஏறினால் நிறுத்துங்கள். பழைய காராக இருந்தால் அதில் கிளியர் கோட்டே இல்லாதிருக்கலாம். அல்லது கிளியர் கோட் தேய்ந்து போயிருக்கலாம். உரிமையாளரைக் கேட்காமல் தொடர வேண்டாம். அண்மையில் பெயின்ற் அடித்த பகுதி என்றால் அடித்தவரைக் கேளுங்கள். புதுப் பெயின்ற் முற்றாக உலர வாரக்கணக்கில் எடுக்கும். அதுவரை பொலிஷோ வக்ஸோ கூடாது.

ஐந்தாவது: எண்ணெய் நீக்குதல்

பொலிஷில் எண்ணெய் உண்டு. அது கீறல்களை நிரப்பி, இல்லாததுபோலக் காட்டும். முதல் இரண்டு கழுவலோடு உண்மை தெரிந்துவிடும். அதற்கு முன்னர் நாங்களே தெரிந்துகொள்வது நல்லது. 70 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து, சுத்தமான மைக்ரோபைபர் துணியில் தெளித்து, அழுத்தாமல் துடையுங்கள். முதலில் மறைவான ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ரில் வேண்டாம். அற்ககோல் தீப்பற்றும், அடுப்பிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தூர வையுங்கள்.

சீலன்ற் பூசுவதாக இருந்தால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. சீலன்ற் செயற்கையான பொலிமர், அது மேற்பரப்பைப் பற்றிப் பிடிக்க வேண்டும். இடையில் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. கார்னோபா வக்ஸ் அவ்வளவு கண்டிப்பானதல்ல என்றாலும் சுத்தமான தளத்திலேயே நன்றாக நிற்கும். இந்தக் கார்னோபா எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து. அந்த மரம் வறட்சியைத் தாங்க ஓலையில் சுரக்கும் மெழுகு அது. "அங்கையும் பனைதான் சனத்துக்குச் சோறு போடுதோ?" என்று அக்கா கேட்டார்.

இவ்வளவும் முடிந்த பின்னர் பூசுவது சிறு வேலை. நிழலில், ஆறிய மேற்பரப்பில், மிக மெல்லிய படையாகப் பூசி, தகரத்தில் சொன்ன நேரம் பொறுத்துத் துடையுங்கள். தடிப்பாகப் பூசினால் கூடுதலாக மினுங்காது, துடைப்பதற்குத்தான் கஷ்டம். வக்ஸ் சில வாரங்கள் நிற்கும், சீலன்ற் சில மாதங்கள் நிற்கும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சீலன்ற், அதன்மேல் வக்ஸ்.

உழைப்புக்கு விலை சொல்லுங்கள்

ஒரு சிறிய காரை இப்படித் தயார்படுத்த எங்கள் மூவருக்கும் அரை நாள் பிடித்தது. பூசித் துடைக்க ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் வருபவர் கேட்பதும் காசு கொடுப்பதும் அந்தப் பூச்சுக்கே. தயார்படுத்தும் வேலையை யாரும் காண்பதில்லை. வீட்டில் எங்கள் வேலையும் அப்படித்தானே. சமைத்த சாப்பாடு தெரிகிறது, அதற்கு முன்னரான விறகும் தண்ணீரும் தெரிவதில்லை.

ஆகவே விலைப்பட்டியலில் தனித்தனியாக எழுதுங்கள்: கழுவுதல், ஒட்டியதை எடுத்தல், பொலிஷ், பூசுதல். வாகனம் வந்ததும் உரிமையாளரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் காட்டி, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். நீலக் கார் வந்த அன்று எங்களிடம் இந்தக் கொப்பி இருக்கவில்லை. அந்தக் கீறல்களில் எவை பழையவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு விடயங்கள். கழுவிய நீர் கிணற்றடிக்குப் போகக்கூடாது. சுண்ணாம்புக் கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவாகக் கீழே இறங்கிவிடும். கிணற்றிலிருந்து தள்ளி, கல்லும் மணலும் நிரப்பிய குழிக்கு வாய்க்கால் வெட்டி விடுங்கள். மற்றது உங்கள் உடம்பு. குனிந்தே நிற்காமல் கீழ்ப்பகுதிக்குச் சிறு வாங்கில் இருங்கள். மூவரில் ஒருவருக்குச் செல் காயத்தால் வலது கையில் முழுப் பலமில்லை. தடவிப் பார்ப்பதும், திரவங்கள் கலப்பதும், கொப்பி எழுதுவதும் அவர் பொறுப்பு. சொரசொரப்பைக் கண்டுபிடிப்பதில் அவரது இடது கைக்கு நிகர் எங்களில் எவருமில்லை.

சுவரில் ஒரு தாள்

அந்த நீலக் காரின் உரிமையாளர் பிறகு வரவேயில்லை. அக்கா மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். எல்லாத் தகரங்களிலும் போத்தல்களிலும் உள்ளதை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மகள் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். இப்போது யாராவது வந்து வக்ஸ் என்று கேட்டால், அக்கா சொப்பிங் பையை அவர்களின் கையிலேயே கொடுத்து, "நீங்களே ஒருக்காத் தடவிப் பாருங்கோ. இதை எடுக்காமல் பூசிறதெண்டால் நான் பூசமாட்டன். அரை நாள் வேணும்" என்கிறார். சிலர் நேரமில்லை என்று போய்விடுகிறார்கள். பொறுத்திருப்பவர்கள் மீண்டும் வருகிறார்கள்.

எங்களுக்கு உதவி என்று வந்தவற்றில் எத்தனை இப்படி மேலே பூசப்பட்டவை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அடியில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. ஆகவே சகோதரிகளே, தையல் மெஷினோ, கோழிக்குஞ்சோ, வக்ஸ் தகரமோ, என்னைப் போன்ற ஒருத்தி உங்களிடம் கொண்டுவந்து தந்தால், படத்துக்கு நிற்பதற்கு முன்னர் ஒன்று கேளுங்கள்: "தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்கோ." அப்படிக் கேட்பது குறைவல்ல, உங்கள் உரிமை. வாசித்துச் சொல்வது எங்கள் கடமை.

இப்போது அக்கா என்னை மிஸ் என்று கூப்பிடுவதில்லை. தங்கச்சி என்றே கூப்பிடுகிறார். புதிதாக ஒரு போத்தல் வாங்கினால் முதலில் என் கையில் தருகிறார். நானும் வாசித்து முடிக்கும்வரை எழும்புவதில்லை.

உங்கள் கைத்தொழிலில் விளங்காத எழுத்து எதுவும் இருந்தால் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். சேர்ந்து வாசிப்போம். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.